காண்பதும் அறிவதும்

நுழையும்முன்

தேர்வு முடிந்த பின் வாய்பாடுகள் மறக்கலாம், சமன்பாடுகள் மங்கலாம். ஒன்றைக் கூர்ந்து பார்க்கவும், பார்த்ததை வைத்து முடிவு சொல்லவும் பழகிய பழக்கம் எளிதில் மறைவதில்லை. மேல்நிலை வகுப்பின் வேதியியல் பாடம் அப்பழக்கத்தை எவ்வாறு தருகிறது என்பதைத் தமிழாசிரியர் ஒருவரின் பார்வையில் எடுத்துரைக்கிறது இக்கட்டுரை.

அறிவியல் பாடநூல்களின் மொழிநடையைச் செப்பம் செய்யும் பணி தமிழாசிரியர்களிடமும் வருவதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் மேல்நிலை வகுப்பு வேதியியல் நூலின் படி ஒன்று என் மேசைக்கு வந்தது. ஒற்று மிகும் இடம், மிகா இடம், ஒருமை பன்மை மயக்கம், தொடரின் நீளம் ஆகியவற்றைப் பார்ப்பதே எனக்கு இடப்பட்ட வேலை. பாடப்பொருளைச் சரிபார்க்க வேதியியல் ஆசிரியர்கள் இருந்தனர். ஆயினும், பத்து நாள்கள் அந்தப் பக்கங்களோடு இருந்தபோது, பிழை தேடிய கண் மெல்லப் பொருள் தேடத் தொடங்கியது.

வேதியியல் என்றால் மனப்பாடம் என்னும் எண்ணம் மாணவரிடையே வேரூன்றியிருக்கிறது. அணு எண்களை ஒப்பிக்க வேண்டும். வினைகளை வரிசையாக நினைவில் வைக்க வேண்டும். வாய்பாட்டில் எண்ணைப் பொருத்தி விடை எழுத வேண்டும். அவ்வளவே பாடம் என்று கொண்டால், இரண்டு ஆண்டு உழைப்பும் தேர்வு முடிந்த மாலையோடு கரைந்துபோகும். அது சிறிய இழப்பன்று. அந்தப் பக்கங்களில் நான் கண்டது வாழ்நாள் முழுவதும் உடன்வரக்கூடிய ஓர் ஒழுக்கத்தை.

மூன்று கட்டங்கள்

என்னை முதலில் நிறுத்தியது உப்புப் பகுப்பாய்வுப் பகுதி. பெயர் தெரியாத உப்பு ஒன்று மாணவரிடம் தரப்படுகிறது. அதில் எந்த அயனிகள் உள்ளன என்று கண்டுபிடிக்க வேண்டும். செய்முறை ஏட்டில் அதற்கென மூன்று கட்டங்கள் வரையப்பட்டிருக்கும். முதற்கட்டம் சோதனை, இரண்டாவது காண்பது, மூன்றாவது அறிவது.

உப்பில் சிறிதளவு எடுத்து அடர் கந்தக அமிலம் சேர்க்கிறோம். இது சோதனை. நெடியுள்ள வாயு வெளிவருகிறது. அம்மோனியம் ஹைட்ராக்சைடில் நனைத்த கண்ணாடித் தண்டை அருகே காட்டினால் அடர்ந்த வெண்புகை எழுகிறது. இது காண்பது. மூன்றாம் கட்டத்தில் மாணவர் எழுதும் தொடர், ‘குளோரைடு இருக்கலாம்’ என்பதே. ‘இருக்கிறது’ என்று எழுத அவருக்கு இன்னும் உரிமை இல்லை. பின்னர், உப்பிலிருந்து ஆயத்தம் செய்த கரைசலோடு நீர்த்த நைட்ரிக் அமிலமும் வெள்ளி நைட்ரேட்டும் சேர்க்கிறோம். தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு தோன்றுகிறது. அம்மோனியம் ஹைட்ராக்சைடை மிகுதியாகச் சேர்த்ததும் அது கரைந்துவிடுகிறது. அதன் பிறகே ‘குளோரைடு உறுதி’ என்று எழுதலாம்.

‘இருக்கலாம்’ என்னும் சொல்லுக்கும் ‘உறுதி’ என்னும் சொல்லுக்கும் இடையில் ஒரு சோதனை நிற்கிறது. அதைச் செய்யாமல் முதற்சொல்லிலிருந்து அடுத்ததற்குத் தாவ முடியாது. இதைக் காட்டிலும் தெளிவான மொழிப்பாடத்தை நான் என் வகுப்பில் நடத்தியதில்லை.

நம் இலக்கியத்துக்கு இது புதியதன்று. மணிமேகலைக் காப்பியத்தில் அளவைவாதி அறிவு பெறும் வழிகளைப் பட்டியலிடுகையில், காண்டல், கருதல் என இரண்டையும் தனித்தனியே வைக்கிறான். நேரில் காண்பது காண்டல். கண்டதைக் கொண்டு காணாததை உணர்வது கருதல். புகையைக் கண்டு நெருப்பு உண்டென உணர்வது கருதலுக்குத் தருக்க நூல்கள் காட்டும் பழைய எடுத்துக்காட்டு. அந்த இரண்டும் கலந்துவிடாமல் இருக்க, செய்முறை ஏடு நடுவே ஒரு கோடு இழுத்திருக்கிறது.

அன்றாட வாழ்வில் அந்தக் கோட்டை நாம் அடிக்கடி அழித்துவிடுகிறோம். வகுப்புக்குத் தாமதமாக வரும் மாணவனைக் காண்கிறோம். ‘அக்கறை இல்லாதவன்’ என்று அறிகிறோம். தெருவில் இருவர் உரக்கப் பேசக் காண்கிறோம். ‘சண்டை’ என்று அறிகிறோம். கைப்பேசியில் வரும் படத்தைக் காண்கிறோம். அதற்குக் கீழே யாரோ எழுதிய முடிவை நம் முடிவாக ஏற்கிறோம். உறுதிச் சோதனை எங்கும் நடைபெறுவதில்லை. பேருந்து கிடைக்காத மாணவனும், செவித்திறன் குறைந்த பாட்டியிடம் உரக்கப் பேசும் பேரனும் நம் முடிவால் தண்டிக்கப்படுகின்றனர்.

பெயரில் ஒளிந்த முடிவு

முந்திக்கொண்ட முடிவு பெயராகவே நிலைத்துவிடுவதும் உண்டு. ஆக்சிஜன் என்னும் பெயரை இட்டவர் பிரான்சு நாட்டு அறிஞர் லவாய்சியர். கிரேக்க வேர்களின்படி அதற்கு ‘அமிலத்தை ஆக்குவது’ என்று பொருள். அமிலங்கள் எல்லாவற்றிலும் அத்தனிமம் உண்டு என அவர் கருதினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை என்பதைப் பின்னர் ஹம்ப்ரி டேவியின் ஆய்வுகள் தெளிவாக்கின. கருத்து திருத்தப்பட்டது, பெயர் நின்றுவிட்டது. தமிழில் அதை உயிர்வளி என்கிறோம். உயிர்கள் மூச்சுவிட அது வேண்டும் என்பதைக் கண்டு இட்ட பெயர் அது. எறியும் பொருளைத் திருத்திக்கொள்ள வேதியியல் தயங்குவதில்லை என்பதற்குப் பழைய பெயரும் புதிய விளக்கமும் ஒரே பக்கத்தில் நிற்பதே சான்று.

தமிழ்வழியில் பயிலும் மாணவர் சிலருக்கு, இந்த அறிவு நம் மொழிக்கு அயலானது என்னும் தயக்கம் இருக்கிறது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். அவருடைய முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்னும் வேதியியல் நூல் 1875இல் தமிழில் வெளிவந்தது. 1916இல் சேலத்தில் இராஜாஜியும் நண்பர்களும் அறிவியலுக்குத் தமிழ்ச் சொற்கள் ஆக்கவென்றே ஒரு கழகம் தொடங்கினர். ‘திண்ணை இரசாயனம்’ என்ற எளிய நூலையும் இராஜாஜி எழுதினார். நீங்கள் இன்று இயல்பாகச் சொல்லும் தனிமம், சேர்மம், வினையூக்கி போன்ற சொற்களுக்குப் பின்னால், தமிழில் அறிவியலைப் பேச முனைந்த பல தலைமுறைகளின் உழைப்பு இருக்கிறது.

எண்ண இயலாததை எண்ணுதல்

கண்ணால் காண இயலாத அணுவைப் பற்றி உறுதியாகப் பேசுவது எப்படி? பதினோராம் வகுப்பின் தொடக்கத்திலேயே மோல் என்னும் கருத்து அந்த வினாவை எதிர்கொள்கிறது.

நெல் வணிகர் எவரும் மணிகளை ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. ஆயிரம் மணிகளின் எடை தெரிந்தால், மூட்டையின் எடையைக் கொண்டு அதிலுள்ள மணிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட்டுவிடலாம். வேதியியலும் அப்படியே எடையைக் கொண்டு எண்ணுகிறது. 18 கிராம் நீர் ஒரு மடக்குக்குமேல் வராது. அதில் 6.022 × 10²³ மூலக்கூறுகள் உள்ளன. வினாடிக்கு ஒன்றாக எண்ணத் தொடங்கினால், எண்ணி முடிக்க ஆகும் காலம் இப்பேரண்டத்தின் வயதைப் போலப் பத்து இலட்சம் மடங்கிற்கும் மேற்பட்டது.

இந்த எண்ணுக்கு அவகாட்ரோவின் பெயர் வழங்குகிறது. அவர் 1811இல் கருதுகோளை முன்வைத்தாரே அன்றி, எண்ணைக் கண்டுபிடிக்கவில்லை. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின் ழீன் பெரின் அதனைச் சோதனைகளால் மதிப்பிட்டு, அவகாட்ரோவின் பெயரைச் சூட்டினார். ‘இருக்கலாம்’ என்பது ‘உறுதி’ ஆவதற்கு ஒரு நூற்றாண்டு பிடித்தது. 2019ஆம் ஆண்டு மே 20 முதல், மோலின் வரையறையே 6.02214076 × 10²³ என்னும் துல்லியமான எண்ணின்மேல் நிற்கிறது. நாம் ஒரு வரியில் படித்துக் கடக்கும் எண், அத்தனை பேரின் பொறுமையால் ஆனது.

வெற்றிடம் விட்ட அட்டவணை

ஆவர்த்தன அட்டவணையும் இவ்வகையில் நல்ல ஆசிரியர். 1869இல் மெண்டெலீவ் தம் அட்டவணையை வெளியிட்டபோது அறியப்பட்டிருந்த தனிமங்கள் ஏறத்தாழ 63. தனிமங்களைப் பண்புகளின்படி வரிசைப்படுத்தியபோது சில இடங்களில் பொருந்தும் தனிமம் கிடைக்கவில்லை. கையிலுள்ள ஒன்றை அங்கே திணித்து அட்டவணையை நிறைவாகக் காட்டியிருக்கலாம். அவர் அவ்விடங்களைக் காலியாக விட்டார். அத்தோடு, அங்கே வரவேண்டிய தனிமத்தின் பண்புகள் இவ்வாறு இருக்கும் என்று முன்கூட்டியே எழுதியும் வைத்தார்.

அலுமினியத்துக்குக் கீழே விட்ட இடத்துக்கு உரிய காலியத்தை, 1875இல் பிரான்சு நாட்டில் புவாபோத்ரான் கண்டறிந்தார். அவர் முதலில் அளந்த அடர்த்தி 4.7. மெண்டெலீவ் எதிர்பார்த்ததோ ஏறத்தாழ 5.9. அத்தனிமத்தைக் கண்ணால்கூடக் காணாத மெண்டெலீவ், மாதிரியை மேலும் தூய்மையாக்கி அளந்து பார்க்குமாறு தெரிவித்தார். அவ்வாறே அளந்தபோது அடர்த்தி 5.9 என வந்தது. ஸ்காண்டியமும் ஜெர்மானியமும் அடுத்தடுத்து வந்து தமக்குரிய இடங்களில் அமர்ந்தன. அவர் முன்னுரைத்தவை அனைத்தும் மெய்யாகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தெரியாத இடத்தைத் தெரியாததாகவே விட்டுவைத்த நேர்மையால்தான் அடுத்தவர் எங்கே தேடுவது என்பது தெளிவாயிற்று.

ஒரு மாணவியின் அளவீடு

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் என் வகுப்பறையும் வேதியியல் ஆய்வகமும் அடுத்தடுத்து இருந்தன. சிற்றூரிலிருந்து வந்து தமிழ்வழியில் படித்த மாணவி ஒருத்தி, பதினோராம் வகுப்பின் முதற்பருவத்தில் என்னிடம் வந்தாள். “ஐயா, வேதியியல் எனக்கு வரவில்லை. வேறு பிரிவுக்கு மாறிக்கொள்ளட்டுமா?” என்று கேட்டாள். வீட்டில் எவரும் பள்ளி இறுதியைத் தாண்டியதில்லை. கேட்டுத் தெளிய ஆளில்லை. வேதியியல் ஆசிரியை அவளை அழைத்துப் பேசி, ஆய்வகத்தில் சில நாள்கள் கூடுதலாக இருந்து பார்க்கச் சொன்னார். அவள் இருந்து பார்த்தாள், தொடர்ந்தாள்.

மறு ஆண்டு, தரம்பார்த்தல் செய்முறை நடந்தது. கூம்புக் குடுவையில் சூடாக்கிய ஆக்சாலிக் அமிலக் கரைசல். பியூரெட்டில் ஊதா நிறப் பொட்டாசியம் பெர்மாங்கனேட். ஒவ்வொரு துளியும் குடுவைக்குள் விழுந்து நிறம் இழக்கும். ஒரு கட்டத்தில் விழும் துளி நிறம் இழக்காது. கரைசல் முழுதும் வெளிர் இளஞ்சிவப்பாகும். அந்நிறம் அரை நிமிடம் மறையாது நின்றால் அதுவே முடிவுநிலை. ஒரு துளி கூடினாலும் அளவு மாறிவிடும். அவள் மூன்று முறை செய்தாள். 18.6, 18.4, 18.4 என்று வந்தது.

முதல் மேசையில் எல்லாருக்கும் 20.2. அது காதோடு காதாகப் பரவி, அவளுடைய மேசைக்கும் வந்து சேர்ந்தது. அங்கிருந்த மற்றவர்கள் 20.2 என்றே எழுதினர். “எங்கேயோ தவறு செய்திருக்கிறாய், மாற்றி எழுது” என்று அருகிலிருந்த தோழி சொன்னாள். தோழியின் சொல்லில் அன்பு இருந்தது. மதிப்பெண் போய்விடும் என்னும் அச்சமும் இவளுக்கு இருந்தது. ஆயினும், தான் கண்டது 18.4, அதையே எழுதினாள்.

மேசைக்கு மேசை வலிமை வேறுபட்ட கரைசலை ஆசிரியை வைத்திருந்தார் என்பது பின்னரே தெரிந்தது. அவள் மேசைக்குரிய சரியான அளவு 18.4. அதை எழுதியவள் அவள் ஒருத்தியே. ஆசிரியை எவரையும் கடியவில்லை. மறுநாள் அனைவரையும் மீண்டும் செய்யச் சொன்னார். அப்போது அந்த மேசையில் எல்லாருக்கும் 18.4 வந்தது. அளக்கத் தெரியாதவர் அங்கே எவரும் இல்லை. முதல்நாள் தம் கண்ணை நம்பாதவர்கள் இருந்தனர்.

அவள் கல்லூரியில் வணிகவியல் படித்தாள். இன்று கூட்டுறவு நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறாள். அண்மையில் சந்தித்தபோது, “மோல் கணக்கை இப்போது கேட்டால் தடுமாறுவேன் ஐயா. ஆனால், பிறர் சொன்ன தொகையை நான் எண்ணிப் பார்க்காமல் ஏட்டில் ஏற்றுவதில்லை” என்றாள். வேதியியலைத் தொடராதவர்க்கும் அப்பாடம் விட்டுச்செல்லும் செல்வம் இது.

ஓய்வில்லாச் சமநிலை

இனி, அந்நூலில் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்த பாடம் வேதிச் சமநிலை. மூடிய புட்டியில் பாதியளவு நீர் இருக்கிறது. நாள்கள் கடந்தும் நீர்மட்டம் குறையவில்லை. ஒன்றும் நிகழவில்லை என்று கண் சொல்கிறது. உள்ளேயோ, நீர் இடைவிடாது ஆவியாகிறது. ஆவியும் அதே வேகத்தில் நீராகிறது. இருதிசை வேகங்களும் சமமாவதால் மாற்றம் புலப்படுவதில்லை. காண்பதில் அமைதியும் அறிவதில் ஓயாத இயக்கமும் இருக்கும் வியப்பு இது.

இக்கருத்தின்மேல் கட்டப்பட்டதே அம்மோனியா தயாரிக்கும் ஹேபர் முறை. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா ஆகும். அம்மோனியாவும் மீண்டும் அவையாகப் பிரியும். அழுத்தத்தைக் கூட்டினால் அம்மோனியா மிகும். வெப்பத்தைக் குறைத்தாலும் மிகும்; ஆனால் வினை மிக மெதுவாகும். இரண்டுக்கும் நடுவே பொருத்தமான நிலையைத் தேர்ந்து, இரும்பு வினையூக்கியின் துணையோடு வினையை நடத்துகின்றனர். ஜெர்மனியின் ஒப்பாவில் 1913இல் இது ஆலைத் தொழிலாயிற்று.

அந்த அம்மோனியாவிலிருந்து யூரியா வருகிறது. 60 கிராம் யூரியாவில் 28 கிராம் நைட்ரஜன் என்று நீங்களே கணக்கிடலாம். அவ்வாறாயின், நம் ஊர் உழவர் தோளில் சுமக்கும் 45 கிலோ மூட்டையில் ஏறத்தாழ 21 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. காற்றில் வீணே திரிந்த நைட்ரஜன், நெற்பயிரின் பச்சையாகி நம் இலைக்கு வருகிறது. உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் உணவு இம்முறையைச் சார்ந்துள்ளது என மதிப்பிடுகின்றனர்.

அதே அம்மோனியாவிலிருந்து நைட்ரிக் அமிலமும், அதிலிருந்து வெடிபொருளும் செய்யலாம். முதல் உலகப்போரில் ஜெர்மனி அதைச் செய்தது. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரு போர்க்களத்தில் ஜெர்மானியப் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. அதற்கு வழிகாட்டியவர் அதே ஹேபர். அம்மோனியாவைத் தொகுத்ததற்காக 1918ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசும் அவருக்கே வழங்கப்பட்டது. உணவும் நஞ்சும் ஒரே அறிஞரின் கையிலிருந்து வந்தன.

இங்கே செய்முறை ஏட்டின் மூன்று கட்டங்களும் போதாமல் போகின்றன. எது நிகழும் என்று சோதனை சொல்லும். என்ன நிகழ்ந்தது என்று காண்பது சொல்லும். ஏன் நிகழ்ந்தது என்று அறிவது சொல்லும். செய்யலாமா, கூடாதா என்று எழுத அந்த ஏட்டில் இடமில்லை. ஆனால், அவ்வினாவுக்கு நேர்மையாக விடையளிக்கவும் முதல் மூன்று கட்டங்கள் தேவை. கண்டதைத் திரித்து எழுதுபவரால், அதன் நன்மை தீமைகளைச் சரியாக எடைபோட இயலாது.

மாணவர்களே! ஆய்வகத்தில் உங்களுக்கென ஒரு சோதனைக்குழாய் தரப்படும். அதில் தோன்றும் நிறம் புத்தகத்தில் சொன்னதைப் போல இல்லாதிருக்கலாம். தோழருடையதைப் போலவும் இல்லாதிருக்கலாம். அப்போது கண்டதைக் காண்பது என்னும் கட்டத்தில் எழுதுங்கள். ஐயம் இருப்பின் ‘இருக்கலாம்’ என்று எழுதுங்கள். மீண்டும் ஒருமுறை செய்து பாருங்கள். ‘உறுதி’ என்னும் சொல்லை அதற்குரிய சோதனை முடிந்த பின்னரே எழுதுங்கள். அவ்வாறு எழுதப் பழகிய கை, நாளை வாக்குச்சீட்டிலோ மருந்துச்சீட்டிலோ வயல் கணக்கிலோ எதை எழுதினாலும் அதன்மேல் பிறர் நம்பிக்கை வைக்கலாம்.